அரை மில்லிமீட்டர்

முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை.

கனம் அளக்கும் வெர்னியரை அவன் விரித்து மறுபடி மூடினான். தாடைகளைத் துணியால் துடைத்துவிட்டு மூடினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினான்.

ஒவ்வொரு முறையும் டயலில் முள் அரை மில்லிமீட்டரில் போய் நின்றது.

நடுவில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் அது பூஜ்யத்தைக் காட்ட வேண்டும்.

தெருக்கோடியில் என்ஜின் சத்தம் கேட்டது. சைக்கிளில் அவன் மனைவி நாயகி. இரண்டு மாதமாக இருவரும் சேர்ந்து கட்டிய டூ ஸ்ட்ரோக் என்ஜின் அவளுடைய பழைய சைக்கிளில் இன்றுதான் முதன்முதலாக ஓடுகிறது.

அவன் இன்னொரு முறை மூடிப் பார்த்தான். அதே அரைதான்.

வெர்னியர் அவளுடையது. பம்பு கம்பெனியில் பதினொரு வருடம் அளவு பார்த்தவள். முழங்கால் தேய்ந்து, மேம்பாலத்தில் பெடல் மிதிக்க முடியாமல் வேலையை விட்டபோது உடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்தது. எதை அளப்பதற்கு முன்னும் அவள் அதை வெறுமனே ஒருமுறை மூடி முள்ளைப் பார்ப்பாள். சோற்றில் கை வைக்கும் முன் கை கழுவுவது போல.

நேற்று அது அவன் கையிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "வெர்னியரைக் கீழ போட்டுட்டீங்களா?"

"ஸ்பேனரு, அம்மிணி."

ஒரே வார்த்தை. அவ்வளவு சின்னப் பொய்.

பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று இன்று காலை அளந்தது அவன்தான். பிளக் ஓட்டை வழியாக ஈயக்கம்பியை விட்டான். என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றினான். நசுங்கி வந்த கம்பியை அளந்து, "பாயிண்ட் ஒன்பது" என்றான். அவள் தலையாட்டினாள். கம்பியை வாங்கிப் பார்க்கவில்லை.

அளக்கும் முன் அவன் வெறுமனே மூடிப் பார்க்கவில்லை.

மூடினால் தெரிந்துவிடுமே என்றுதான்.

ஒன்பதில் ஐந்து போனால் நாலு. உண்மையில் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். முட்டினால் உடையும். உடைந்த துண்டு சிக்கினால் என்ஜின் நிற்கும், அதோடு செயின் நிற்கும், அதோடு பின்சக்கரம் நிற்கும். பின்னால் லாரி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது.

போன் செய்யலாம். அவள் போன் மேசைமேல் கிடந்தது.

சத்தம் நெருங்கியது. வாசலுக்கு ஓடினான்.

வந்துவிட்டாள். உருட்டிக்கொண்டு வருவது போல மெதுவாக. அவனுக்கு உயிர் வந்தது.

என்ஜினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றி நின்றாள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது முழங்காலைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

"பாலத்து மேல ஒருவாட்டி ஏத்திப் பாத்துட்டு வந்தர்றேனுங்க. நாளைக்கு மறுபடி வேலைக்குச் சேர இதுலதான போகோணும்."

பாலம் என்றால் முழுசாகத் திருக வேண்டும்.

"நேத்து விழுந்தது வெர்னியரு" என்றான்.

என்ஜின் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

"என்னங்க?"

அவள் உயிர் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அந்த முகம் வாடிவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். வெட்கக்கேடு, அந்த நொடியில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

"ஒண்ணுமில்ல."

குனிந்து, கசிவைத் துடைப்பவன் போலத் துணியோடு கையை டாங்குக்கு அடியில் விட்டான். என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் டேப்பை மூடினான்.

அவள் கவனிக்கவில்லை.

கிளட்ச்சை விட்டாள். போய்விட்டாள்.

நல்ல யோசனைதான் என்று அவன் நினைத்தான். வண்டி வழியிலேயே நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வந்து திட்டுவாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஹெட்டைக் கழற்றலாம். இடைவெளி கூடும்படி கனத்த பேக்கிங் ஒன்றைப் போட்டு மூடிவிடலாம். வெர்னியரைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

தெரு முனையில் அவள் திரும்பி மறைந்தாள்.

அப்போதுதான் உறைத்தது.

டேப்பை மூடினாலும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கும். அது தீரும்வரை என்ஜின் ஓடும்.

அது எவ்வளவு தூரம் வரும்?

பாலம் அரைக் கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது.

இரண்டு மாதத்தில் அந்த என்ஜினில் அவர்கள் அளக்காதது ஒன்றுமில்லை. இதை மட்டும் அளக்கவில்லை.

ஓடினான். செருப்பில்லை. வெர்னியர் கையிலேயே இருந்தது.

முனையைத் தாண்டியும் அவள் தெரியவில்லை. பஸ்ஸும் வேனும்தான் தெரிந்தன. சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நேரம் கேட்ட சத்தம் அல்ல. உயர்ந்துகொண்டே போகும் சத்தம். திருகுகிறாள்.

திணறித் திணறி நின்றால் பெட்ரோல் தீர்ந்தது என்று அர்த்தம். சட்டென்று நின்றால் பிஸ்டன்.

காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். முடியவில்லை. கத்திவிட்டான்.

"அம்மிணி! ஸ்பேனரில்ல! வெர்னியரு! வெர்னியருதான் விழுந்துச்சு!"

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி கத்தினான். மறுபடியும்.

மூச்சு வாங்க வாயை மூடியபோது என்ஜின் சத்தம் நின்றிருந்தது.

திணறி நின்றதா, சட்டென்று நின்றதா, அவன் கத்தியதில் அவனுக்குக் கேட்கவில்லை.