அரை மணி நேரக் குளிர்ச்சி

"நெஞ்சுல வைக்காதடா, மூச்சுக்குழாயில வை!" என்று பதறினார் பழைய கார் தரகர். அவருடைய மச்சினன் ஐஸ் துண்டுகளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, சாக்கில் பொதிந்து, அவர் காட்டிய இடத்தில் பதமாகச் சுற்றினான்.

நோயாளிக்கு வயது பதினாலு. பெயின்ட்டுக்கு மட்டும் வயது ஒரு வாரம். விடியற்காலையில் கிளப்பினால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும் அந்தக் கார், வெயில் ஏறிவிட்டால் மேம்பாலத்தின் பாதியில் நின்று பெருமூச்சு விடும். இதைப் போய் வாங்கச் சொன்ன மெக்கானிக் மேதை, சாட்சாத் இந்த மச்சினன்தான்.

"காத்து குளிர்ந்தா கெட்டியாகும் மாமா. கெட்டிக் காத்துல ஆக்ஸிஜன் ஜாஸ்தி. இன்ஜினுக்கு அதைக் குடுத்தா புதுசு மாதிரி இழுக்கும். ஐஸ் அரை மணி நேரம் தாங்கும், அதுக்குள்ள மேம்பாலத்துல ஏத்தி இறக்கிடுங்க."

"இந்தப் படிப்பெல்லாம் வண்டியை வாங்கறப்போ எங்கடா போச்சு? ஐஸ் என்ன விலை?"

"பாதி விலைதான். நாம பழகற விதத்துல இருக்கு மாமா."

இன்றைக்குக் கார் போகவில்லை என்றால் நீ போய்விடு என்று மச்சினனிடம் நேற்றே சொல்லியிருந்தார். தம்பி போனால் தானும் போவதாக அவர் மனைவி பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். ஆக, ஒன்று கார் போக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் போக வேண்டும்.

'ஞாயிறு பதினோரு மணி முதல் ஓட்டிப் பார்க்கலாம்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார். "உன் மூஞ்சியைப் பார்த்தா வர்ற ஆளும் ஓடிடுவான்" என்று மச்சினனைப் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சுவரைத் தட்டி நேரம் சொல்வது மட்டுமே அவனுக்கு இட்ட வேலை.

பதினோரு மணி அடிக்க ஒருவர் உள்ளே வந்தார். சட்டை மடிப்பிலும் முழங்கையிலும் மரத்தூள். மரவேலை ஆள், இன்ஜினுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று தரகருக்கு உள்ளூர இனித்தது.

"பலகையைப் பார்த்து வந்தீங்களா சார்?"

"இல்ல, கேள்விப்பட்டு வந்தேன்."

"மூணு லட்சம். முதல்ல ஓட்டுங்க, அப்புறம் பேசுங்க." சாவியை நீட்டினார்.

வந்தவர் சாவியைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, சீட்டை மடக்கி, சரக்கு வைக்கும் இடத்தைச் சாண் சாணாக அளந்தார். அளந்ததையே மறுபடியும் அளந்தார். "அவசரம் என்ன சார்? வண்டி எங்க ஓடிடப் போகுது?"

சுவரில் முதல் தட்டல் கேட்டது.

"எலி சார். ரெண்டே முக்கால்னு வச்சுக்குங்க. வாங்க, மேம்பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தரகர் ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து ஓடிவந்தார். "சில்லுன்னு வேணாம் சார், அலுத்துப்போச்சு" என்றார் வந்தவர். பிறகு சாதாத் தண்ணீர் வந்தது. அதை மருந்து மாதிரி மடக்கு மடக்காகக் குடித்தார். அதற்குள் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

"தண்ணி ஒழுகுதே?"

"ஏசி தண்ணி சார்!"

"ஏசி ஓடுதா?"

"ஓடாதப்பவே இவ்வளவு சார், ஓடினா யோசிச்சுப் பாருங்க!"

சுவரில் இரண்டாவது தட்டல் கேட்டது.

"எலி நேரம் தவறாது போல," என்றார் வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.

"ரெண்டு! உங்க முகத்துக்காக ரெண்டு! எழுந்திரிங்க சார், ஒரே ஒரு ரவுண்டு!"

"முழங்கால் வலி சார். கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்." வந்தவர் நான்கு டயரையும் தனித்தனியாக நலம் விசாரிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டலில் சுவரின் சுண்ணாம்பே உதிர்ந்தது.

தரகர் கீழே பார்த்தார். குருவி குளித்துவிட்டுப் போகலாம், அவ்வளவு தண்ணீர். இவ்வளவு நேரம் 'ஓட்டிப் பாருங்க' என்று கெஞ்சிய வாய், 'ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடாதே ஐயா' என்று முணுமுணுக்க ஆரம்பித்தது.

"ஒண்ணரை. இதுக்குக் கீழ கேட்டா நான்தான் உங்களுக்குக் காசு குடுக்கணும்."

"ஒண்ணேகால்."

"எடுத்துக்குங்க!" என்று கத்திவிட்டார். இருபது வருட வியாபாரத்தில் வாங்குபவர் கேட்ட விலைக்கு அவர் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

காகிதங்களில் கையெழுத்தாயிற்று, பணமும் கைமாறியது. மரியாதைக்காக, குரலே எழும்பாமல் தரகர் கேட்டார்: "ஓட்டிப் பார்க்கலையா சார்?"

"எதுக்கு? உங்க வார்த்தை போதாதா?"

இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அப்பாவியா என்று தரகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நஷ்டம்தான், ஆனாலும் கட்டில்மேல் இருக்கும் பெட்டி இறங்கிவிடும், ஒரு ஏமாளியும் கிடைத்தான். போதுமே.

சந்தோஷம் தாங்காமல் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சினன் வெளியே வந்தான். வந்தவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, ஐஸ் கடை அண்ணே! காலைல சொன்னேனே, அந்த வண்டி இதுதாண்ணே!"

வந்தவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அதைக் கேட்டுட்டுத்தானே வந்தேன் தம்பி. நம்மகிட்ட ஐஸுக்கா பஞ்சம்?"