ஆள்காட்டி விரல்

சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் வந்துவிட்டன.

கட்டைவிரல் நகத்தின் வெள்ளைப் பிறையை அவள் வரையவில்லை. தாளின் வெள்ளையையே விட்டுவிட்டாள். சுற்றிலும் கருப்பை ஏற்றினால் போதும், வெள்ளை தானாக எழுந்து வரும்.

இதெல்லாம் இந்த வருஷம் கைக்குப் படிந்தது.

எதிரே, நாற்காலிக் கையின் மேல் அப்பாவின் வலது கை கிடந்தது. வைத்த இடத்தில், வைத்தபடி.

ஜன்னல் வெயிலுக்கு அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, மனுசன் மூஞ்சில வெயில் அடிக்கில்லா. நாக்காலியத் திருப்பிப் போடு."

"வெளிச்சம் நல்லா விழுதும்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

"ஆமா, வெயில்ல காயப்போட அவரு என்ன வத்தலா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வாயில் வந்தது.

அந்தப் பாதியையும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

பாபநாசம் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு, படிக்கட்டுக்கும் கடைசி சீட்டுக்குமாக ஓடிய கால். வீட்டுக்கு வந்தாலும் உட்காராது. நின்றபடி தண்ணீர் குடிப்பார். நின்றபடி பேப்பர் பார்ப்பார்.

பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அவள் அவரைத்தான் வரையப் பார்த்தாள். "அசையாம இருங்கப்பா" என்பாள். சரி சரி என்று தலையாட்டுவார். இவள் பென்சிலைத் தாளில் வைக்குமுன் எழுந்து போயிருப்பார்.

பழைய தாள்களில் அவர் நாலைந்து கோடுதான்.

ஒரு தோள். காக்கிச் சட்டையின் பின்பக்கம். வாசலைத் தாண்டுகிற ஒரு செருப்பு.

ஆடி அமாவாசைக் கூட்டத்தில், ஓடுகிற வண்டிக்குள்ளேயே விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போயிற்று.

அதன் பிறகு உட்கார்ந்தார்.

பிள்ளை என்ன செய்வாள்? அழுது முடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். அவளை வையாதீர்கள். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பதைவிட அது கொஞ்சம் லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

காது வந்தது. கழுத்துச் சுருக்கம் வந்தது. தோலுக்கு அடியில் எலும்பு போகிற வழி வந்தது.

அந்தப் படங்களை ஓவியக் கல்லூரியில் சுவரில் மாட்டினார்கள்.

"இப்பத்தாம்மா உனக்குக் கை படிஞ்சிருக்கு" என்றார் ஆசிரியர். "மாடல் யாரு? செல மாதிரி உக்காந்திருக்காரே!"

அவள் தரையைப் பார்த்தாள்.

கடைசி வருஷத்துப் படங்களோடு, தன் கை எப்படித் தேறி வந்தது என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் அப்பா விழுந்ததிலிருந்துதான் ஆரம்பித்தது.

எழுதியதை அடித்துவிட்டாள்.

எழுத்து கிடக்கட்டும், இந்தக் கையை முடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தவள்தான்.

அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்க ஜெபாக்கா காலையில் வந்து போயிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள், ஒவ்வொன்றாக விரிப்பாள். செருப்பு மாட்டும்போது தினமும் ஒரே பேச்சு.

"ஒரு விரலு தானா அசைஞ்சாப் போதும். மத்தத நான் இழுத்துட்டு வந்துருவேன். அசைஞ்சா நல்லாப் பாராட்டணும், என்ன? கண்டுக்காம விட்டா மனசு விட்டுப் போயிரும் அவருக்கு."

வெறும் கோடாகப் போட்டு வைத்திருந்த ஆள்காட்டி விரலுக்கு வந்தாள்.

கோடு சரியில்லை. நாற்காலியில் விரல் ஒரு இடத்தில் இருந்தது, தாளில் வேறு இடத்தில் இருந்தது. தன் கண்தான் பிசகிவிட்டது என்று ரப்பரை எடுத்து அழித்தாள். திரும்பப் போட்டாள்.

திரும்பவும் பிசகியது.

மரத்தில் நகம் உரசுகிற சத்தம். எங்கேயோ கேட்பதுபோல.

"அசையாம இருங்கப்பா."

சொல்லிவிட்டுக் குனிந்து, இந்தத் தடவை விரலை அடியோடு அழித்தாள். ரப்பர் துகளை ஊதினாள்.

ஊதிய வாய் அப்படியே நின்றது.

நிமிர்ந்தாள்.

அப்பா அசையவில்லை. உதட்டை இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா... நீங்களா? இன்னொருக்க அசைங்க. ஒரே ஒருக்கப்பா."

அவர் கண் அவள் முகத்துக்கு வரவில்லை. அவள் கையிலிருந்த பென்சிலில் நின்றது.

"அசைக்கலாம்ப்பா. படம் கெட்டா கெட்டுட்டுப் போகுது. அசைக்கலாம்."

அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. முயல்கிறாரா, வெயிலா, தெரியவில்லை.

எழுந்துபோய் நாற்காலியைத் திருப்பலாம் என்று நினைத்தாள். திருப்பினால் கை நகரும். நகர்த்தியது அவரா, நாற்காலியா என்று பிறகு எப்படிச் சொல்வது?

இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"முடிஞ்சுதாட்டி?" அடுக்களையிலிருந்து அம்மா.

அவள் பென்சிலைத் தரையில் வைத்தாள். அவருக்குத் தெரியும்படி, தள்ளி வைத்தாள்.

"முடிஞ்சிட்டும்மா" என்றாள், உரக்க. அடுக்களைக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

மடியிலிருந்த தாளில் நாலு விரல்கள் இருந்தன. ஐந்தாவதின் இடம் வெள்ளையாகக் கிடந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.