செத்தவள் சிரிக்கும் ஷாட்

பாடையில் படுத்ததும் அவளுக்கு முதலில் முதுகுதான் உறுத்தியது.

பச்சை மூங்கில். ஸ்டூடியோ தச்சர்கள் கணுவைக்கூடச் சீவவில்லை. செத்தவளுக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

"அக்கா, மூச்சை மட்டும் கொஞ்சம் அடக்கிக்குங்க" என்றான் தணிகாசலம்.

படத்தின் டைரக்டர். அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி.

அடக்கிக்கொண்டாள். மூடிய இமைக்கு மேல் விளக்கு சுட்டது. யாரோ அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கதாநாயகியாகத்தான் இருக்கும். அழ வராத பெண். கண்ணில் கிளிசரினை அள்ளி விட்டிருந்தார்கள்.

காலையில் இந்தப் பாடையைப் பார்த்து, இது யாருக்கு என்று அவள்தான் விசாரித்தாள்.

தணிகாசலம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். யுத்தம், பிலிமுக்குக் கட்டுப்பாடு, நீளமாக எடுக்க சர்க்கார் விடாது என்று என்னென்னவோ சொன்னான். ஆகவே அவள் நடிக்கும் தாய் கோர்ட்டுக்கு வரமாட்டாள். பாதியிலேயே இறந்துவிடுவாள். கோர்ட்டில் பேசப்போவது கதாநாயகி.

அந்தக் கோர்ட் சீனுக்காகத்தான் அவள் இந்தப் படத்தையே ஒப்புக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வயதில் அவள் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டினார்கள். அன்று முதல் கிழவிதான். மாமியார், வளர்ப்புத் தாய், ஊமை வேலைக்காரி, நடுவில் ஒரு பிசாசு. தன்னைவிட மூத்த கதாநாயகர்களையெல்லாம் மகனே என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். ஒரு படத்திலும் அவள் பேச மற்றவர்கள் நின்று கேட்டதில்லை. "உங்களுக்குன்னே ஒரு சீன் வெச்சிருக்கேன் அக்கா" என்று தணிகாசலம் சொன்ன அன்று, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நாடகக் கம்பெனியில் அவனுக்கு அம்மை போட்டபோது மற்றவர்கள் அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் வேப்பிலையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசும் படத்துக்கு அவளைக் கூப்பிட வந்தவர்களிடம், தம்பியையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்றாள்.

இதையெல்லாம் அவள் காலையில் எடுத்துப் பேசவில்லை. சொல்லிக் காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சரி. சிரிப்பு ஷாட்டை மட்டும் மறக்காம எடுத்துடு" என்றாள்.

"அது இல்லாமலா அக்கா."

செத்ததாக நடித்தவர் எழுந்து, அதே காமிராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். படத்தில் அது வராது. ஆனால் பிலிமில் இருந்தாக வேண்டும். பிணமாகவே அதில் நின்றுபோனால் ஆகாது. சிரிக்காமல் வீட்டுக்குப் போன ஒருவர் அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை என்று எல்லா ஸ்டூடியோவிலும் ஒரு கதை உண்டு. ஆளின் பெயர்தான் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும்.

அவள் அதை முழுசாக நம்பினாள்.

"கட்."

எழுந்து உட்கார்ந்தாள். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"இப்ப சிரிங்க அக்கா."

காமிரா ஓடும் சத்தம் கேட்டது. சிரித்தாள்.

கிழவியின் சிரிப்பு இல்லை அது. நாற்பதுகூட ஆகாதவளின் சிரிப்பு. அந்த ஸ்டூடியோவில் ஒருவரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். கதாநாயகிகூடத் தட்டினாள்.

பெரிய விளக்குகளை அணைத்தார்கள். மெல்லக் கண்கூச்சம் தெளிந்தது.

காமிராவின் தலையில் இரண்டு காதுபோல நிற்கும் பிலிம் பெட்டி அங்கே இல்லை.

பக்கத்து மேசையில் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சாவை எடுத்து முடித்ததுமே கழற்றியிருக்கிறார்கள். விளக்கு எதிரே இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

வெறும் காமிராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

காமிராக்காரருக்குத் தெரியும். விளக்குப் பிடித்தவர்களுக்குத் தெரியும். கை தட்டிய அத்தனை பேருக்கும் தெரியும்.

கோர்ட் சீனைப் பிடுங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

"சாவுக்கு இருந்த பிலிம் சிரிப்புக்கு இல்லாமப் போச்சா, தம்பி?"

தணிகாசலம் தரையைப் பார்த்தான். முதலாளி, கண்டிப்பு என்று ஏதோ முணுமுணுத்தான்.

அவள் மறுபடியும் பாடையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுப்ப யாருக்கும் துணிவு வரவில்லை. அடுத்த சீனுக்கு அந்த இடம் வேண்டும். கதாநாயகன் மேக்கப்போடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டார். தச்சு மேஸ்திரி பாடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவளோடு சேர்த்துத் தூக்கலாமா என்றுகூட யோசித்திருப்பார்.

கடைசியில் தணிகாசலமே பெட்டியை எடுத்து வந்து மாட்டச் சொன்னான்.

அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். காமிராவின் தலையில் பெட்டி இருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். விளக்குப் போட்டார்கள். காமிரா ஓடத் தொடங்கியது.

"சிரிங்க அக்கா."

கேட்ட மாத்திரத்தில் எதையும் முகத்துக்குக் கொண்டுவருகிறவள் அவள். உதட்டை இழுத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

"சிரிங்கக்கா. பிலிம் ஓடுது."

காமிராவை ஒட்டி நின்ற தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. கட் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.