களிமண் வைத்த எஞ்சின்

பிஸ்டனின் தலையில் களிமண்ணை அப்பி, மேலே எண்ணெய் தடவி, அவள் எஞ்சினை மூடியபோது பெரியவரின் பார்வை அவள் விரல்களை விட்டு நகரவில்லை.

"எஞ்சினுக்குள்ள எதுக்கும்மா களிமண்ணு?"

"புது கேம்ஷாஃப்ட் வேற கம்பெனியோடது. வால்வைக் கொஞ்சம் கூடுதலா கீழ தள்ளும். பிஸ்டன்ல இடிக்குதான்னு தெரியணும்ல."

கிராங்கைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். மறுபடி மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த களிமண்ணை பிளேடால் அறுத்து, ஆக மெல்லிய இடத்தை அளந்தாள். போதுமான இடைவெளி இருந்தது.

தூக்கியெறியப் போன அந்தக் களிமண் துண்டைப் பெரியவர் கேட்டு வாங்கினார். காகிதத்தில் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இது எதற்கு இவருக்கு என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

துறைமுகத்தில் அவளைக் 'கேஜ் அக்கா' என்பார்கள். அளக்காமல் எதையும் மூட மாட்டாள். ஒரு நாள் வேலையை மூன்று நாள் இழுக்கிறாள் என்று மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினாலும், கடலுக்குப் போகிறவர்கள் அவளிடம்தான் வந்தார்கள். அது சிலருக்குக் கண்ணை உறுத்தியது.

மூன்று நாளாக இவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். மருமகனின் படகு எஞ்சினாம். இரண்டு நாள் தொலைவிலுள்ள துறைமுகத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்திருந்தார். வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்கூடவா கண்ணில் படவில்லை?

"எஞ்சினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றுதான் முதல் நாள் சொன்னார். ஆனால் அவள் கிராங்கைத் திருப்பும்போது, பிஸ்டன் உச்சிக்கு வரும் சரியான நொடியில் அவர் தலை தானாக ஆடியது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மறுநாள் ஹெட்டை முறையாக மாட்டி, கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து வால்வுகளுக்கு இடைவெளி வைக்க ஆரம்பித்தாள்.

"இவ்வளவு யாரும்மா பாக்குறாங்க? மூடி ஓட்டினா அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகுது" என்றார் பெரியவர். வாயைக் கிளறுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"அப்படி ஒருத்தன் மூடிக் குடுத்ததுலதான் எங்கப்பா போனார்" என்றாள், கையை நிறுத்தாமல். "வெளியூர்ல கேம்ஷாஃப்ட் மாத்திக்கிட்டு வந்தார். நடுக்கடல்ல வால்வு இடிச்சு எஞ்சின் நின்னுடுச்சு. அன்னிக்குன்னு பாத்து புயல். படகு கிடைச்சது, அவர் கிடைக்கல. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு."

பெரியவர் ஒரு 'அடடா'கூடச் சொல்லவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

ஆறாவது வால்வின் லாக் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். மகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போகச் சொல்கிறார்கள் என்றார். அவள் நட்டை ஒரு இறுக்கு இறுக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. என்னால இந்த இடத்தை விட்டு நகர முடியாது" என்றாள் தணிந்த குரலில். "அந்த ஆளு நடவடிக்கையே சரியில்ல. நம்ம பேரைக் கெடுக்க எவனோ அனுப்பியிருக்கான்."

பேசிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

பெரியவர் எஞ்சின் மேல் குனிந்திருந்தார். ஒரு கையில் அவளுடைய கேஜ், இன்னொரு கையில் ஸ்பேனர்.

"கையை எடுங்க."

அவர் ஒதுங்கினார். அவள் கேஜைப் பிடுங்கி, முதல் வால்விலிருந்து அளக்கத் தொடங்கினாள். எங்கே கை வைத்திருப்பார்? எதைத் தளர்த்தியிருப்பார்? முதல் ஐந்தும் அவள் வைத்தபடியே இருந்தன. ஆறாவதிலும் தகடு மெல்லிய பிடிப்போடு நுழைந்து வந்தது. அவளே வைத்தாலும் இவ்வளவு சுத்தமாக வராது.

"எதைத் தொட்டீங்க?"

"ஆறாவதை. நட்டை இறுக்குறப்ப இடைவெளி வைக்கிற ஸ்க்ரூவும் கூடவே திரும்பிடுச்சு போல. தகடு நுழையவே இல்ல. அப்படியே விட்டா வால்வு முழுசா மூடாம கருகிடும்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. நட்டை இறுக்கிய பிறகு ஒரு தடவை அளக்க வேண்டும். போன் வந்த அவசரத்தில் அளக்கவில்லை. அவர் பார்க்காமல் விட்டிருந்தால், திரும்பி வந்ததும் ஏழாவதுக்குத்தான் போயிருப்பாள்.

தப்புத் தன்னுடையது என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. தெரியாது தெரியாது என்று சொல்லி இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறாரே.

"யாரு நீங்க? யாரு அனுப்பி வந்தீங்க?"

"யாரும் அனுப்பல."

"பொய் சொல்லாதீங்க. நல்லா வேலை தெரிஞ்ச கை இது. அப்புறம் எதுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி என் கையையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க? இவ்வளவு தூரம் தூக்கிட்டு வரணும்னு என்ன தலையெழுத்து? உங்க ஊர்ல மெக்கானிக்கே இல்லையா?"

பெரியவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்கப்பா எஞ்சினை அளக்காம மூடினது நான்தாம்மா."