அம்மாவின் குதிகால்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்திருக்கிறோம். ஆக்லாந்தின் மதிய வெயில் எங்கள் கூடத்துப் பாயில் விழுகிறது. ரக்பி சங்கத்துக்குப் பள்ளிப் பையன்களைப் பொறுக்க வந்த கேரி என்னைப் பார்ப்பதேயில்லை. "பதினாறு வயசுல டோங்காத் தீவுக்காரப் பயலுக எல்லாம் மலை மாதிரிதான் இருப்பானுங்க. இன்னும் வளருவானான்னு பெத்தவங்கள அளந்தாத்தான் தெரியும்" என்கிறார். அப்பாவை அளந்தாயிற்று. அம்மா கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறாள். எங்கள் வழக்கப்படி ஆராதனைக்காக இடுப்பில் சுற்றிய பின்னல் பாயின் ஓரம் நடுங்குகிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் தெரிகிறது: நீளப் பாவாடைக்குள் அவள் குதிகால்கள் தரையில் இல்லை. "மூச்சு விடும்மா, உன்னையா ஆட விடப் போறேன்?" கேரி சிரித்துக்கொண்டே நிலையில் பென்சிலால் கோடு போடுகிறார். "அட, பரவாயில்லையே! பையன் ஆறரை அடி வந்துருவான்." அப்பா கண்மூடி ஜெபிக்கிறார். கேரி குனிந்து நோட்டில் எழுதுகிறார். அம்மா மெல்ல இறங்குகிறாள். "நிமிர்ந்து உக்காருடா செமிசி" என்கிறாள். நிமிர்கிறேன். அவள் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அதை இனி நான்தான் வளர்ந்து நிரப்ப வேண்டும்.