அரசாணிப் பூ

"அம்மா, இன்னைக்கும் ஒரு பூவைக் காணோம்."

மொட்டை மாடியில் நின்றுகொண்டு தேவிப்ரியா உதட்டைப் பிதுக்கினாள். நாலாவது நாளாக இதே கதை.

உஷாராணிக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. பாதியாக அறுத்த நீல டிரம்மில் மஞ்சள் பூசணி என்கிற அரசாணிக்கொடி. பக்கத்தில் பெயிண்ட் வாளிகளில் தக்காளி, கத்தரி. எல்லாமே இந்த எட்டு வயது மகளை மாடி ஏற வைப்பதற்காக அவள் மண் சுமந்து வைத்தது.

ஸ்கூட்டர் மோதி தேவிப்ரியாவுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டைப் பிரித்த டாக்டர், "தினமும் படி ஏறி இறங்கட்டும். இல்லைன்னா மூட்டு இறுகிரும்" என்றார். குழந்தையோ வலிக்குப் பயந்து கட்டிலைவிட்டு அசையவில்லை. கெஞ்சியும் பார்த்தாயிற்று, மிரட்டியும் பார்த்தாயிற்று.

கடைசியில் சமையலுக்கு நறுக்கிய அரசாணிக்காயிலிருந்து நாலு விதையை எடுத்து மகள் கையில் கொடுத்து, அவளை மாடிக்குத் தூக்கிப்போய் ஊன்ற வைத்தாள்.

"முளைச்சுதான்னு பாக்கோணும்னா இனி நீதான் ஏறி வரோணும், சாமி."

ஐந்தாம் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்து, இருபத்திரண்டு படியையும் ஏறிவிட்டாள். அன்று உஷாராணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுததை யாரும் பார்க்கவில்லை.

இப்போது கொடியில் முஷ்டி அளவில் இரண்டு காய். அந்தப் பூவைப் போய் எவரோ பறிக்கிறார் என்றால்?

மறுநாள் விடியும்போதே மாடிப்படியில் காத்திருந்தாள். மேலிருந்து இறங்கி வந்தவர் சரவணமுத்து. கீழ் வீட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முன்பு குடிவந்தவர். அதிகம் பேசமாட்டார். விரலெல்லாம் மஞ்சள் பொடி. சட்டைப் பையில் வாடிய இதழ் எட்டிப் பார்த்தது.

"பூ வேணும்னா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க. குழந்தை ஆசையா வளர்க்கறதைத் திருட்டுத்தனமா பறிக்கலாமுங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

'சாமிப் படத்துக்குப் போட ஊரான் ஊட்டுப் பூவா?' என்று முனகிக்கொண்டே, அன்றைக்கே மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஒரு பூகூடக் குறையவில்லை. தேவிப்ரியா விரல் விட்டு எண்ணினாள். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு.

ஆனால் புதிதாக விட்ட பிஞ்சுகள் ஒவ்வொன்றாய் மஞ்சளித்து உதிர்ந்தன. நாலாவது பிஞ்சும் விழுந்த அன்று, குழந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நான் வரலைம்மா. கால் வலிக்குது."

உஷாராணி உடனே உதிர்ந்த பிஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே நாற்றுப் பண்ணைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சி இல்லீங்க, நோவும் இல்லீங்க. மகரந்தம் சேரலை. அரசாணியில ஆண் பூ வேற, பொண் பூ வேற. மாடியில வெச்சிருக்கறதா சொன்னீங்களே, அங்கெல்லாம் தேனீ அதிகமா வராதுங்க. முன்னாடி காய் புடிச்சுதுங்களா?"

"ரெண்டு காய் நல்லா இருக்குதுங்களே."

"அப்படின்னா யாரோ கையால சேர்த்து உட்டிருக்காங்க. விடியக்காலம் ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுப் போட்டுட்டு, பொண் பூவுக்குள்ள தடவிவிடோணும். பொறுமையான ஆள்தான் செய்வாங்க."

உஷாராணிக்குப் பண்ணைக்காரர் முகம் மறைந்து, மஞ்சள் படிந்த அந்த விரல்கள்தான் தெரிந்தன. திரும்பி ராசிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் யார் முகத்தையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாடிக் கதவின் சாவியை அவர் முன்னால் நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணா. அந்த ரெண்டு காயும் நீங்க குடுத்ததுங்க. அது இல்லீன்னா எம் பொண்ணு இன்னும் கட்டில்லதான் கிடந்திருப்பா. திருடன்னு சொன்னப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"அட, விடுங்கம்மா" என்றார் சரவணமுத்து கூச்சத்தோடு.

"நாளையிலிருந்து பாப்பாவையும் கூட வெச்சுக்கிட்டு நீங்களே செய்யுங்க. காய்க்க வெச்சது யாருன்னு அவளுக்கும் தெரியட்டும்."

"வேண்டாமுங்க." முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் உரத்தது.

"ஒரு நாள் துணி எடுக்கப் போறப்ப, பாப்பா பாதிப் படியில வலியோட உக்காந்திருந்துச்சுங்க. தூக்கிட்டுப் போகட்டான்னு கேட்டேன். 'வேண்டாம் மாமா, நான் நடந்து போய்ப் பாத்தாத்தான் அது காய்க்குது'ன்னு சொல்லிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறுச்சுங்க. கால் நல்லாகிற வரைக்கும் பாப்பா அப்படியே நெனைச்சுக்கட்டுமுங்க. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்."