சின்மயி ஒரு அதிசயம்

"சார், இப்படி ஒரு குழந்தையை எங்க ஆப் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல!"

ஊரப்பாக்கத்து ஃபிளாட்டில் சோபா நுனியில் உட்கார்ந்து ஜெரூஷா இதைச் சொன்னதும், எதிரே இருந்த அனந்தகிருஷ்ணனின் முதுகு தானாக நிமிர்ந்தது. நான்காம் வகுப்புச் சின்மயியின் அப்பா அவர்.

சில குழந்தைகளுக்குப் பாடம் காது வழியே ஏறும், சிலருக்குக் கண் வழியே, சிலருக்குக் கை வழியே. விடை சொல்லும் போக்கை வைத்தே அதைக் கண்டுபிடித்து, அதற்கேற்பப் பாடத்தை மாற்றித் தரும் ஆப்பை ஜெரூஷா உருவாக்கியிருந்தாள். "எல்லாம் டுபாக்கூர்! நாளைக்குள்ள ப்ரூஃப் காட்டு. இல்லேன்னா ஊத்தி மூடிடலாம்" என்று பள்ளிக்கரணை ஆபீசில் முதலாளி கெடு வைத்துவிட்டார்.

அவளுக்குச் சிக்கிய ப்ரூஃப்தான் சின்மயி.

"இந்த லீவுல பாருங்க. காலைல காதால கேட்டுக் கத்துக்கறா. மத்தியானம் படமாப் பார்த்து. சாயந்திரமானா எல்லாத்தையும் கையால இழுத்து நகர்த்தி! மூணும் ஒரே ஆளுக்கு வர்றது பெரிய அதிசயம் சார்!"

"எங்க ஃபேமிலியே கொஞ்சம் அப்படித்தான்" என்றார் அனந்தகிருஷ்ணன் அடக்கமாக. அந்த அடக்கம் ஹால் முழுவதும் நிறைந்தது. "பின்னமெல்லாம் காதால கேட்டாத்தாம்மா மனசுல நிக்கும்."

"சும்மா இருங்க. படம் போட்டாத்தான் புரியும்" என்றாள் அம்மா ஸ்நேகா.

"ரெண்டும் இல்ல. துண்டு துண்டா இழுத்து ஒட்டிப் பார்க்கணும்" என்றார் தாத்தா யக்ஞநாராயணன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ஜெரூஷா சொக்கிப்போனாள். குழந்தையை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள்!

"ஆப்புல உங்க அபார்ட்மென்ட் பசங்க ரேங்க்ல கூட சின்மயிதான் ஃபர்ஸ்ட்" என்றாள்.

"ஹனீஃபா சார் பையன் ஜமீர் செகண்ட்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

கீழே விளையாடிக்கொண்டிருந்த சின்மயி ஷட்டில் மட்டையுடன் உள்ளே வந்தாள். ஜெரூஷா பயபக்தியோடு எழுந்து தன் போனை நீட்டினாள்.

"ஒரே ஒரு கணக்கு போடு கண்ணா. எங்க சாருக்குக் காட்டணும்."

சின்மயி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம் ஆன்ட்டி! போனைத் தொட்டா கண்ணு கெட்டுடும்னு இவங்க மூணு பேரும் சொல்லியிருக்காங்க. நான் தொட்டதே இல்ல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தாத்தாவைப் பார்த்தாள். தாத்தாவின் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

ஜெரூஷாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுடைய ஆப் இம்மியும் பிசகவில்லை. அந்த வீட்டில் படித்துக்கொண்டிருந்த மூன்று குழந்தைகளையும் அது கச்சிதமாகப் பிரித்துக் காட்டியிருந்தது!